இருபத்துநான்கு மில்லிமீட்டரும் ஏழாம் நம்பர் வீடும்

காலை மணி ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஈரச் சிமெண்டு. அடுப்படிச் சுவரில், சன்னலின் கீழ் மூலையிலிருந்து தரை வரைக்கும், ஒரு கை அகலத்துக்குப் பூசியிருந்தார்கள். நான்கு விரல்களின் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. வீட்டுக்காரி லெட்சுமி பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர்ல வரப்போற சுவரு, அசிங்கமா இருக்கக்கூடாதுல்ல. இப்பத்தான் பூசி முடிச்சோம் அண்ணே.”

நான் படம் எடுக்கப் போனதே அந்தப் பூச்சுக்குள் மறைந்துபோன விரிசலைத்தான்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தமிழ் நாளிதழுக்குக் கேமரன் மலை நிருபராக இருந்தேன். செய்தி எழுதுவதும் நான், படம் எடுப்பதும் நான். இப்போது ஓய்வில், தானா ராத்தாவில் இருக்கிறேன். அண்மையில் எங்கள் பழைய நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கையடக்க டிஜிட்டல் கேமராவுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறதே, அகன்ற லென்ஸ் உள்ளதாக ஒன்று வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்று, இன்னும் வேலையில் இருக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். “சேவியர் அண்ணன்கிட்ட கேளுங்க, அவரு அதை வச்சுத்தான் மாட்டிக்கிட்டாரு” என்று ஒருவர் போட்டார். உண்மைதான். அதனால் நீட்டி எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோலாலம்பூர் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். கேமரன் மலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, எஸ்டேட்டில் பிறந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஃபிலிம் சுருளை உறையில் போட்டு, தானா ராத்தா பஸ் நிலையத்தில் டிரைவரிடம் கொடுத்தால் சாயங்காலம் அலுவலகத்துக்குப் போய்விடும். எது வந்தது, எது வரவில்லை என்று மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

தெரியாத நாள்களில் கோவிந்தன் சாரிடமிருந்து தொலைபேசி வரும். அவர் செய்தி ஆசிரியர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அவரை விடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் கடைசி வரை ‘வாங்க, போங்க’தான். அவர் படம் பார்க்கும் முறையை அலுவலகத்தில் இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தை மேசையில் வைப்பார். இரண்டு உள்ளங்கைகளாலும் மூடுவார். இடது கையை மெல்ல எடுத்து அந்தப் பாதியைப் பார்ப்பார். மூடிவிட்டு வலது கையை எடுப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அது, “இது எங்கே?”

கோலா தெர்லா பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் சுவர் வெடித்திருந்ததை எடுத்து அனுப்பியபோது அந்தக் கேள்விதான் வந்தது.

“விரிசல் நல்லாத் தெரியுது சேவியர். இது எங்கே?”

“லயத்து வீட்டு அடுப்படி சார்.”

“உங்களுக்குத் தெரியும். படத்துக்குத் தெரியலையே. கோலாலம்பூர்ல என் வீட்டுச் சுவரும் இப்படித்தான் இருக்கு.”

படம் வரவில்லை. செய்தி மட்டும் வந்தது.

தவறு என் கண்ணில் மட்டும் இல்லை. லயத்து வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் அறை பத்தடிக்குப் பத்தடி, அடுப்படி அதைவிடச் சிறியது. அடுப்படிக்குப் பின்னால் ஒரு சாக்கடை, சாக்கடையை ஒட்டி மண்மேடு. என் பழைய கேமராவில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. அடுப்படியில் ஆளை எடுத்தால் அடுப்பு வராது. அடுப்பை எடுத்தால் ஆளுக்குத் தலை வராது. பின்னால் நகர்ந்து நகர்ந்து ஒருமுறை சாக்கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அன்று என்னைத் தூக்கிவிட்ட பெண்கள் வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பெரிய கேமராவும் பெரிய லென்சும் வாங்கலாமே என்று கேட்கலாம். எங்கள் ஆட்களிடம் அது செல்லாது. பெரிய கேமராவைக் கண்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போய்ச் சேலை மாற்றி, பவுடர் போட்டு, உயரப்படி வரிசையாக நின்றுவிடுவார்கள். கொழுந்து வெட்டும் படம் கேட்டுப் போனவனுக்குக் கல்யாணப் படம்தான் கிடைக்கும். சட்டைப் பையில் போகிற கேமரா என்றால் அதை யாரும் கேமராவாகவே மதிப்பதில்லை.

ஆகவே கையடக்கமாக, அகன்ற லென்ஸ் உள்ளதாக ஒன்று வாங்க ஈப்போவுக்கு இறங்கினேன். மனைவி ரீத்தாவும் வந்தார். கடைக்காரர் சீனர், மலாயில் பேசினார். அவர் முதலில் எடுத்து நீட்டியது முப்பது மடங்கு ஜூம் உள்ள ஒன்று.

“மரத்து மேல இருக்கிற பறவையோட கண்ணு தெரியும் அங்கள்.”

“என் செய்தியில பறவை வராது. அகலமா எது எடுக்கும்?”

பெட்டிக்கு வெளியே எத்தனை மடங்கு என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எங்கிருந்து அந்த மடங்கு தொடங்குகிறது என்பது உள்ளே சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்தச் சிறிய எண்தான் எனக்கு வேண்டும். ஒன்றில் இருபத்தெட்டு மில்லிமீட்டர், இன்னொன்றில் இருபத்துநான்கு. எண் குறையக் குறைய அகலம் கூடும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் லா” என்றார்.

நான் கடையின் ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, எதிர்ச்சுவர் அலமாரியை இரண்டிலும் எடுத்தேன். திரையில் பெட்டிகளை எண்ணினேன். இருபத்தெட்டில் பன்னிரண்டு பெட்டி. இருபத்துநான்கில் பதினான்கு. உறுதிப்படுத்த இன்னொரு தடவை எடுத்தேன்.

“ரெண்டு பெட்டிக்காகவா இவ்வளவு நேரம்?” என்றார் கடைக்காரர்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் சுவத்துல சாஞ்சு நின்னு பாத்தாரு” என்றார் ரீத்தா. “எங்க அம்மா, மாப்பிள்ளைக்கு இடுப்பு வலியான்னு கேட்டாங்க.”

அந்த இரண்டு பெட்டி அகலத்தில், லயத்து அடுப்படியில் ஒரு வாசற்படி அடங்கிவிடும். ஆளும் அடுப்பும் வாசற்படியும் ஒரே படத்தில் வந்தால், ‘இது எங்கே’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மற்றவற்றையும் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் எவ்வளவு சீக்கிரம் விழிக்கிறது, குளிர்ந்த கையால் திருக முடிகிறதா, மலைக்குளிரில் பேட்டரி எத்தனை படம் தாங்கும் என்றெல்லாம். பேட்டரியைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது தவறு. சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால்தான் அது நாள் முழுக்கத் தாங்கியது. இருபத்துநான்கையே வாங்கினேன். அடுத்த மாதமே கோவிந்தன் சார் என் படங்களைக் கேள்வி கேட்காமல் போட ஆரம்பித்தார். எனக்கு நல்ல காலம் அது.

லெட்சுமி வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகு, இரண்டாவது மழைக்காலம் தொடங்கும் முன்பு.

பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம் அது. மேட்டைச் செதுக்கி, ஒரே கூரையின் கீழ் ஏழு வீடுகளாகக் கட்டிய பழைய லயம். லெட்சுமி இருந்தது ஏழாம் நம்பரில், கடைசி வீடு. அவரும் கணவரும் தோட்டத்தில்தான் வேலை. கொழுந்து வெட்டும் இரண்டு ஆள் மிஷினில் ஒரு பக்கம் அவர் பிடிப்பார். முந்தைய மழையில் லயத்தின் பின்சுவர் நெடுகிலும் ஒரு விரிசல் விட்டிருந்தது. மேட்டிலிருந்து மண் கொட்டிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் இன்னொரு லயம் காலியாகக் கிடந்தது. அங்கே மாற்றிவிடச் சொல்லி ஏழு குடும்பமும் கேட்டார்கள். மேனேஜர், அதற்குச் சாயம் அடித்து அடுத்த வருடம் தருகிறேன் என்றார். இவர்களுக்கு இந்த மழைக்கு முன்பே போக வேண்டும். ஏழு வீட்டிலுமாகப் பிள்ளைகள் மட்டும் பதினொரு பேர்.

உள்ளே சிமெண்டு பூசியாகிவிட்டது. அதைச் சுரண்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

“வெளிப்பக்கமும் பூசிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. பின்னால குனிஞ்சு வேலை பாக்க ஏது இடம்.”

அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டுக்கு நடந்து போய், அதன் பக்கவாட்டு வழியாகப் பின்னால் திரும்பினேன். அங்கே துணி துவைக்கும் சிமெண்டுத் தளம் இருந்தது. நிற்க வசதியான இடம். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் ஏழு வீட்டின் பின்சுவர், அதில் நெடுகிலும் ஓடும் விரிசல், வலது பக்கம் ஈரமான செம்மண் மேடு. எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கின. குந்தி உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் பிடித்து, மேட்டின் உச்சி வர வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தேன். பழைய கேமராவில் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது. கோவிந்தன் சார் இரண்டு கைகளாலும் மூடி மூடித் திறந்தாலும் எந்தப் பாதியும் சும்மா இருக்காது.

மூன்றாம் பக்கத்தில் பெரிதாக வந்தது. கோவிந்தன் சார் தொலைபேசியில், “நல்லா வந்திருக்கு” என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ரீத்தா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் தோட்ட அலுவலகத்தில் மேனேஜர் கூட்டம் வைத்தார். ஏழு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. என்னையும் அழைத்திருந்தார். லயத்தில் இன்னமும் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். ஈப்போவில் வளர்ந்த தமிழர், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். கெட்டவர் இல்லை. மேசைமேல் எங்கள் பேப்பரை விரித்துவைத்து, என் படத்தின்மேல் பென்சிலை வைத்தார்.

“இது நீங்க எடுத்ததுதானே?”

“ஆமா.”

“வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல பாருங்க. ஒரு கெரெத்தாவே ஓட்டிட்டுப் போகலாம் போல இருக்கு. மேடும் நல்லாப் பின்னால சாஞ்சுதான் நிக்குது. கொஞ்சம் மண்ணு விழுந்தாலும் வீட்டு மேல வராதே. அவசரமே இல்லைன்னு உங்க படமே சொல்லுது.”

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. படத்தில் அது ஒரு சாலை போல இருந்தது.

நடந்தது இதுதான். அந்த இடைவெளி முதல் வீட்டில் ஆறடி. அங்கிருந்து குறைந்துகொண்டே போய் ஏழாம் வீட்டில் மூன்றடிக்கும் குறைவு. நான் நின்றது ஆறடியில். அகன்ற லென்ஸ் கிட்ட இருப்பதைப் பெரிதாக்கும், எட்ட இருப்பதைச் சுருக்கும். தூரத்தில் குறுகித் தெரிவதை யாரும் உண்மையான குறுகலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சாலை தூரத்தில் குறுகித் தெரிவது போலத்தான் நினைப்பார்கள். மேல்நோக்கிச் சாய்த்ததில், செங்குத்தாக நிற்கும் மேடும் பின்னால் மல்லாந்துவிட்டது. படத்தின் கீழே நான் எழுதிய வரியில் ஓர் அளவுகூட இல்லை. மேனேஜரும் லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தவரில்லை. என் படத்தை நம்பினார்.

முடிவு அடுத்த வருடத்துக்குப் போனது. வெளியே வந்ததும் லெட்சுமி என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சொன்னார், “எங்க வீட்டப் பெருசாக்கிட்டீங்களே அண்ணே.”

அடுத்த டிவிஷன் ஆட்கள் அவர்களைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். உங்க வீட்டுப் பின்னால பாடாங் இருக்காமே, பிள்ளைங்க பந்து விளையாடலாமே என்று.

கோவிந்தன் சாரிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. படத்தை மேசையில் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“எவ்வளவு அகலம்?” என்றார்.

“அளக்கலை சார்.”

“அளந்துட்டு வாங்க. மறுபடி போடலாம்.”

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு லயத்தில் இருந்தேன். இந்த முறை ஏழாம் வீட்டுப் பக்கமாகப் போனேன். அங்கே தளம் இல்லை, சேறுதான். அளவு நாடாவை வைத்தேன். இரண்டடி பத்து அங்குலம். நாடாவை நீட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். பேப்பரில் அச்சானால் அது ஒரு கயிறு. எண் ஒன்றும் தெரியாது. ஓர் ஆளை நிறுத்தலாம் என்றால், ஆள் ஒல்லியா குண்டா என்று பேச்சு அதில் போய்விடும்.

லெட்சுமி வேலைக்குக் கிளம்பி நின்றார். அவரும் அவரோடு மிஷின் பிடிக்கும் பார்வதியும் மிஷினை லோரியில் ஏற்ற வேண்டும்.

“எதை வச்சா துரைக்குப் புரியும்?” என்று நான் சத்தமாகவே யோசித்தேன்.

“இந்த மிஷின வச்சுப் பாருங்க” என்றார் லெட்சுமி. “இதோட நீளம் அவருக்குத் தெரியும். புதுசா வந்தப்ப அவருதான் நாடா புடிச்சு அளந்து, எங்க தேயிலை நிரைக்குச் சரியா இருக்கான்னு பாத்தாரு.”

“சேறாச்சுன்னா ஆபீஸ் கிராணி கத்துவாரு” என்றார் பார்வதி.

“கத்தட்டும். வீடு விழுந்தா அவரா வந்து தூக்குவாரு?”

இருவரும் மிஷினைப் பின்னால் கொண்டு வந்தார்கள். கைப்பிடியோடு சேர்த்து அது ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. தேயிலை நிரையின் மேல் எப்படிப் பிடிப்பார்களோ அப்படிக் குறுக்காகப் பிடித்து உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள். நுழையவில்லை. ஒரு கைப்பிடி சுவரில் இடித்தது. லெட்சுமி தன் பக்கத்தை மேலே தூக்க, மறுபக்கம் கீழே இறங்கி, மிஷின் சாய்வாக மாட்டிக்கொண்டது. ஒரு முனை சன்னல் விளிம்பில், மறு முனை மேட்டின் அடிமண்ணில். கையை எடுத்த பிறகும் அது விழாமல் நின்றது.

நான் பதினைந்து அடி தள்ளிப் போய், ஜூமை நடுவுக்கு இழுத்து, கண் பார்ப்பதைப் போலவே இருக்கும் அளவில் நிறுத்தினேன். கேமராவைக் கண் உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடித்தேன். மூன்று படம். படத்தின் கீழே எழுதிய வரி: ஏழாம் வீட்டுக்கும் மேட்டுக்கும் இடையே இரண்டடி பத்து அங்குலம், முதல் வீட்டில் ஆறடி, முன்பு வெளியான படம் முதல் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

கடைசிப் பகுதியைக் கோவிந்தன் சார் வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

படம் வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் லயத்துக்கு வந்தார். பேப்பர் கையில் இருந்தது. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. முதல் வீட்டின் பின்பக்கத்திலிருந்து நேராக நடந்தார். ஐந்தாம் வீட்டில் வேகம் குறைந்தது. ஆறாம் வீட்டில் சட்டை சுவரில் உரசாமலிருக்கப் பக்கவாட்டில் திரும்பினார். ஏழாம் வீட்டில் நின்று தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்த்தார். தொப்பி பின்னால் விழுந்தது. அதை எடுக்கக் குனிய முடியவில்லை. லெட்சுமிதான் உள்ளே கை நீட்டி எடுத்துக் கொடுத்தார்.

“மிஷின் யாரு இங்க கொண்டாந்தது?” என்றார் மேனேஜர்.

“நாந்தான் துரை.”

“கழுவி வச்சீங்களா?”

“வச்சாச்சு துரை.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். சாயம் அடிக்காமலே சாலையோர லயத்துக்குப் போக ஒத்துக்கொள்வீர்களா என்று அன்று மாலையே ஏழு வீட்டிலும் கேட்டுவிட்டார்கள். அந்த வாரத்துக்குள் லோரி வந்தது.

குடியேறிய அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சின்னக் கேமராதான் என்றாலும் அன்று எல்லோரும் சேலை மாற்றி, பவுடர் போட்டு, வரிசையாக நின்றார்கள். முழு லயமும் ஆட்களும் ஒன்றாக வர வேண்டும் என்றால் இருபத்துநான்குதான் வேண்டும். அகன்ற லென்சில் ஓரத்தில் நிற்பவர்கள் அகன்று தெரிவார்கள் என்று எச்சரித்தேன். ஓரத்தில் நின்ற பார்வதி உடனே நடுவுக்கு வந்தார். அவர் வந்ததால் ஓரமானவர் நடுவுக்கு வந்தார். வரிசை கொஞ்ச நேரம் நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் லெட்சுமி, “நான் நிக்கிறேன் லா. எனக்கு இனிமே அகலமா இருந்தாலும் பரவாயில்ல” என்று ஓரத்தில் போய் நின்றார்.

குழுவில் கேட்ட இருவருக்கும் நான் எழுதியது சுருக்கமானது. இருபத்துநான்கில் தொடங்குவதை வாங்குங்கள். இப்போது கைப்பேசியில் அதைவிட அகலமாகவே வருகிறது, அது போதும் என்றாலும் சரி. ஆனால் ஜூம் நடுவில் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அளவு நாடாவைக் கேமராப் பையிலேயே வையுங்கள். வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கில் எடுத்த அன்றைய வரிசைப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். யார் ஓரத்தில், யார் நடுவில் என்று குழுவில் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். லெட்சுமியின் சாலையோர வீட்டில் அடுப்படியில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். கோலா தெர்லா காய்கறி லோரிகளின் சத்தம்தான் குறை என்றார். மதியம் பழைய லயத்துக்கு ஏறினேன். கூரைத் தகரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். ஏழு வீட்டின் சுவர்களும் நிற்கின்றன. பின்னால் இருக்கும் மேடு இன்று வரை சரியவில்லை.